அசைடு கழிவு: பிளம்பருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பஃபர், ஆன்டிபாடி, கண்ட்ரோல் சீரம் என்று பல பாட்டில்களில் கிருமி வளராமல் இருக்க சோடியம் அசைடு சேர்த்திருப்பார்கள். பெரும்பாலும் 0.02 முதல் 0.1 சதவீதம், லேபிளில் சின்ன எழுத்தில். அந்தக் கரைசல் வெடிக்காது. மிச்சத்தை சிங்க்கில் ஊற்றும்போது, ஆபத்து சிங்க்குக்குக் கீழேதான் உருவாகிறது.

சோடியம் அசைடின் எடையில் சுமார் 65 சதவீதம் நைட்ரஜன். சோடியத்துடன் இருக்கும்வரை அசைடு அடங்கியிருக்கும். செம்பு, ஈயம், வெள்ளி, பாதரசம் ஆகியவற்றோடு சேர்ந்தால் உரசலுக்கும் தட்டலுக்கும் வெடிக்கும் உப்பாகிவிடும். அந்த உப்பு தண்ணீரில் அநேகமாகக் கரையாது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினாலும் போகாது.

"எங்கள் குழாய் பிவிசிதானே" என்பார்கள். சிங்க்கின் அடியில் குனிந்து பாருங்கள். குரோம் பூசிய வேஸ்ட் கப்ளிங்கும் பாட்டில் ட்ராப்பும் பல இடங்களில் பித்தளை. பித்தளையில் பெரும்பங்கு செம்பு. 0.1 சதவீதம் என்றால் லிட்டருக்கு 1 கிராம். தினம் 5 லிட்டர் ஊற்றினால், 300 வேலை நாளில் ஒன்றரைக் கிலோ அசைடு அந்த வழியாகப் போகிறது. அதில் துளி மரையிடுக்கில் தங்கினாலும், ஸ்பேனர் போட்டுத் திருகுகிறவர் கையில்தான் வெடிக்கும். ஆய்வகச் சாக்கடைக் குழாய்கள் இப்படி வெடித்ததால் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 1976-லேயே தனி எச்சரிக்கை வெளியிட்டது.

கழிவைத் தனியே மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேருங்கள், உலோக மூடி வேண்டாம். "அசைடு" என்று பெரிதாக எழுதி, அபாயக் கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் கொடுங்கள். அதில் அமிலம் சேரவே கூடாது. சேர்ந்தால் ஹைட்ரசோயிக் அமிலம் பிறக்கும். அது 37 டிகிரியில் கொதிப்பது. நம் ஊர் வெயிலே போதும். விஷமும் வெடிப்பும் ஒன்றாக வரும். பிளீச்சும் வேண்டாம், நச்சு வாயு வரும். டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் கழிவோடும் கலக்காதீர்கள். சோடியம் அசைடு தூளை நிறுக்க பிளாஸ்டிக் கரண்டிதான்.

ஏற்கெனவே பல வருடம் ஊற்றிய சிங்க் என்றால், அடைத்துக்கொண்டாலும் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், அடைப்பெடுக்கும் ஆசிட் ஊற்றாதீர்கள், கப்ளிங்கைக் கழற்றாதீர்கள். "பயன்படுத்தாதே" என்று ஒட்டிவிட்டு பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள். பிளம்பர் ஏற்கெனவே வந்துவிட்டார் என்றால், அவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இந்தக் குழாயில் என்ன ஊற்றினோம் என்பதை அவரிடம் சொல்லி வேலையை நிறுத்துங்கள்.