மென்சீரொளிப் பண்டுவம்: ஒரு சொல் விளக்கம்

தாடை முறிவு, பல் பிடுங்கிய குழி, புதிதாகப் பொருத்திய பல் இம்பிளாண்ட் ஆகியவற்றைச் சுற்றி எலும்பு விரைவாக வளர உதவும் என்று கருதி, ஆற்றல் குறைந்த லேசர் ஒளியை அவ்விடத்தில் பாய்ச்சும் முறைக்கு ‘லோ லெவல் லேசர் தெரபி’ என்று பெயர். அதற்கு நான் பரிந்துரைக்கும் தமிழ்ப் பெயரே ‘மென்சீரொளிப் பண்டுவம்’. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் ‘குறைந்த மட்ட லேசர் சிகிச்சை’ என்றால், குறைந்திருப்பது எது, நேரமா தரமா என்ற ஐயம் படிப்பவருக்கு எழும். உண்மையில் குறைவாக இருப்பது ஒளியின் திறன். அறுவைக்குப் பயன்படும் லேசர் சில வாட் முதல் பல வாட் வரையிலான திறனால் திசுவைச் சுட்டு வெட்டுகிறது. இதுவோ பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்கு உட்பட்டு, திசுவைக் குறிப்பிடத்தக்க அளவு சூடாக்காமலேயே செயல்படுகிறது. சுடாத தன்மையே இம்முறையின் உயிர்நாடி என்பதால், ‘குறைந்த’ என்பதைவிட ‘மென்’ என்னும் அடையே பொருந்தும் என்பது என் கருத்து.

‘லேசர்’ என்பது ஒரு முழுச்சொல்லே அன்று; தூண்டப்பட்ட கதிர் உமிழ்வினால் ஒளியைப் பெருக்குதல் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கம். அந்த உமிழ்வின் கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1917-இல் வெளியிட்டார்; ‘லேசர்’ என்ற பெயரைக் கோர்டன் கூல்ட் 1957-இல் தம் குறிப்பேட்டில் எழுதினார்; 1960-இல் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். தமிழில் இதற்கு வழங்கும் ‘சீரொளி’ நல்ல ஆக்கம். அலைகள் ஒரே கட்டத்தில் ஒழுங்காகச் செல்வதைச் ‘சீர்’ சுட்டுகிறது. செய்யுளின் சீரையும் நினைவூட்டுவது கூடுதல் அழகு.

‘தெரபி’யின் மூலமான கிரேக்கச் சொல்லுக்குப் பணிவிடை செய்தல், பேணுதல் என்பன பொருள். ‘சிகிச்சை’ வடமொழி வழி வந்து தமிழில் நிலைத்துவிட்ட சொல். அதை எழுதுவதில் பிழையில்லை. ஆயினும் ‘பண்டுவம் பார்த்தல்’ என்னும் வழக்கில் நோயாளியை அருகிருந்து கவனிக்கும் சாயலும் இருப்பதால், கிரேக்க மூலத்துக்கு அது இன்னும் நெருங்கி நிற்கிறது.

இம்முறை தற்செயலாகவே தோன்றியது. புடாபெஸ்டில் ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் 1960-களின் பிற்பகுதியில், லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று அறிய, மயிர் மழித்த எலிகளின் மீது அதைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, ஒளி பட்ட இடத்தில் மயிர்தான் விரைவாக முளைத்தது. இதற்கு இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம், ஏறத்தாழ 600 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளியைச் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி உட்கொள்ள, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. கூடுதலாக உருவாகிறது என்பதாகும். எலும்பாக்கச் செல்கள் பெருகுவதும், அவற்றின் வினையைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி மிகுவதும், புதிய இரத்த நுண்குழாய்கள் தோன்றுவதும் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் காணப்பட்டுள்ளன. பல் பதிந்திருக்கும் தாடையெலும்பு ஈறு என்னும் மெல்லிய போர்வைக்கு அடியிலேயே இருப்பதால், தொடையெலும்பைவிட அங்கே ஒளி எளிதில் எட்டுகிறது.

ஆனால் ஒளி மிகுந்தால் பயன் மிகும் என்று எண்ணக் கூடாது. அளவு போதாவிட்டால் விளைவில்லை. மிஞ்சினால் செல்லின் வேலை தடைபடுகிறது. ஆய்வுக்கு ஆய்வு அலைநீளமும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் செலுத்தும் ஆற்றலின் (ஜூல்) அளவும் வேறுபடுவதால், மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் விலங்குகளில் கிடைத்தவற்றைப் போல் ஒருமுகமாக இல்லை. ஆகவே இது முறிந்த தாடையைத் தகடும் திருகும் கொண்டு நிலைநிறுத்துவதற்குத் துணையே தவிர மாற்று அன்று. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். புற்றுக்கட்டி உள்ள இடத்தில் ஒளி பாய்ச்சுவதைத் தவிர்ப்பதே மரபு.

பெயரில் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. திசுவுக்குள் நுழைந்த ஒளி சிதறித் தன் சீரைப் பெரிதும் இழக்கிறது, எல்.இ.டி. விளக்கின் சீரற்ற ஒளியும் இதையொத்த விளைவுகளைத் தருகிறது. இதனால் 2015 வாக்கில் ஆய்வாளர்கள் ‘போட்டோபயோமாடுலேஷன்’ என்ற பெயரை முன்வைத்தனர். இயற்பியலில் ‘மாடுலேஷன்’ (அலையில் செய்தியை ஏற்றுதல்) பண்பேற்றம் என்றே வழங்குகிறது. அதை இங்கே கொண்டுவந்து ‘ஒளி உயிர்ப் பண்பேற்றம்’ என்றால் வானொலி அலைவரிசையே நினைவுக்கு வரும். ‘ஒளிவழி உயிர்ச்செயல் சீராக்கம்’ நீளமானாலும் பொருள் தெளிவானது. லேசர் கருவியைக் குறிக்கும் இடத்தில் ‘மென்சீரொளிப் பண்டுவம்’ என்றும், எல்.இ.டி.யையும் சேர்த்துச் சொல்லும்போது சீரை நீக்கி ‘மென்னொளிப் பண்டுவம்’ என்றும் எழுதலாம்.