“டிம்மில்தான் போகிறேன்” என்பவர்களுக்கு

போன வாரம் காலையில் கடையைத் திறந்து கொண்டிருந்தபோது, குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் தன் பைக்கை டெம்போவில் ஏற்றிக் கொண்டு வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விடியற்காலை 3 மணிக்கு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். ஒரு வளைவில், எதிரே வந்த காரின் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்திருக்கிறது. ரோடு எது, ஓடை எது என்று தெரியாமல் இடது பக்க ஓடைக்குள் இறங்கிவிட்டார். ஹேண்டில்பார் வளைந்து, ஹெட்லைட் உடைந்து, முழங்கையில் தையல் போட்டிருந்தது. கார் நிற்கவில்லை. தன்னால்தான் ஒருவர் விழுந்தார் என்பதே அதை ஓட்டியவருக்குத் தெரிந்திருக்காது.

வண்டியை இறக்கி வைத்ததும் அவர் கேட்டது இது: “மக்கா, எனக்கும் அதே வெள்ள லைட்ட மாட்டித் தா. இல்லேன்னா இந்த ரோட்டுல போவ முடியாது.”

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கம்பெனி பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. பல்பு மாட்டச் சொல்லி வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். ஆனால் அந்த பல்பால் விழுந்தவரே வந்து அதைக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல்பு மாற்றியவர்களிடம் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “நான் டிம்மில்தானே போகிறேன்!” டிம் என்றால் வெளிச்சம் குறைவு, அதனால் எதிரே வருபவருக்குத் தொந்தரவு இல்லை என்று நினைக்கிறார்கள். இது அடிப்படையிலேயே தப்பு. கம்பெனி போட்டுத் தரும், டிம்மும் பிரைட்டும் ஒன்றிலேயே இருக்கிற ஹெச்4 ஹாலோஜன் பல்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 60/55 வாட். பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. இடையில் 5 வாட்தான். பல பைக்குகளில் வரும் பல்பு 35/35. அதில் அந்த வித்தியாசம்கூட இல்லை. அப்படியானால் டிம் சுவிட்சைத் தட்டியதும் எதிரே வருபவரின் கண் எப்படித் தப்புகிறது? வெளிச்சம் போகும் திசை மாறுகிறது, அவ்வளவுதான்.

பழைய ஹெச்4 பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஃபிலமென்ட் என்கிற எரியும் கம்பிச் சுருள் இரண்டு இருக்கும். முன்னால் இருப்பதுதான் டிம். அதற்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு உலோகத் தகடு தாங்கி நிற்கும். ஃபிலமென்ட்டின் வெளிச்சம் கீழே போகாமல் அந்தத் தகடு தடுத்துவிடும். மேல் பக்கமாகப் போகிற வெளிச்சம் மட்டும், பல்பைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி பளபளக்கும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் பட்டு, கீழே ரோட்டுக்கு வரும். டிம்மில் போகும்போது ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு வேலையே கிடையாது. அந்தக் கீழ்ப் பாதியில் வெளிச்சம் பட்டால் அது மேலே திரும்பி, நேராக எதிரே வருபவரின் முகத்துக்குப் போகும். நகத்தளவுகூட வராத ஒரு தகடுதான் இத்தனை நாளும் எதிரே வந்தவர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி அந்த இடத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகிப் பாருங்கள். ஃபிலமென்ட் மெல்லிய சுருள். அது இருக்க வேண்டிய இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் கணக்குப் போட்டு வைத்தது. எல்.இ.டி.யில் ஒரு தகடு, அதன் இரண்டு பக்கமும் சிப்புகள். வெளிச்சம் பிறக்கும் இடமும் வேறு, பரவும் விதமும் வேறு. சிலதில் பெயருக்கு ஒரு தடுப்பு இருக்கும். ஆனாலும் படக்கூடாத இடத்திலெல்லாம் வெளிச்சம் படும். நீங்கள் டிம் சுவிட்சைத் தட்டுவீர்கள், உள்ளே ‘டிக்’ என்று சத்தமும் வரும். எதிரே வருபவருக்கு எதுவும் மாறியிருக்காது. ஃபிலமென்ட் இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறியால் எரிகிற ஹெச்.ஐ.டி. பல்பு கிட்டும் இதே கதைதான்.

“புதுக் காரிலேயே எல்.இ.டி. வருகிறதே” என்பார்கள். வருகிறது. அந்த ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டரோ லென்ஸோ அந்த எல்.இ.டி.க்காகவே செய்யப்பட்டது. ஹாலோஜனுக்குச் செய்த கூட்டுக்குள் எல்.இ.டி.யைத் திணிப்பது வேறு விஷயம்.

100/90 வாட் ஹாலோஜன் கேட்பவர்களும் உண்டு. அந்தச் சூட்டில் பல்பு மாட்டும் ஹோல்டர் உருகும், ஒயர் கருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்பு போய்விடும். உருகிய ஹோல்டர்கள் என் கடையில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன, கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

சரி, வெள்ளை லைட்டில் ரோடு நன்றாகத் தெரிகிறதே என்கிறீர்கள். வண்டிக்கு முன்னால் பதினைந்து இருபது அடிக்குப் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பளிச்சினாலேயே உங்கள் கண்மணி சுருங்கி, தூரத்தில் இருட்டில் நடந்து வருபவர் தெரியாமல் போகிறார். மழை பெய்தால் இன்னும் மோசம். நனைந்த ரோடு கண்ணாடி மாதிரி. உங்கள் வெளிச்சம் முன்னால் வழுக்கிப் போய்விடும், உங்களுக்குத் திரும்பி வராது. எதிரே வருபவரின் கண்ணிலோ லைட்டிலிருந்து ஒரு தடவை, ரோட்டில் பட்டு ஒரு தடவை என்று இரண்டு தடவை அடிக்கும். ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று இரண்டு பருவமழை பெய்கிற மாவட்டம் நம்முடையது. ரோடும் மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே திரும்பினால் ஏற்றம், இறக்கம், வளைவு. ஏற்றத்தின் உச்சியில் இரண்டு வண்டி சந்தித்தால் லைட் நேராகக் கண்ணுக்குள்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி கண் தெரியாவிட்டால் 50 மீட்டர் குருட்டாம்போக்கில் ஓடியிருப்பீர்கள். வயதானவர்களுக்கும், கண்ணில் புரை விழத் தொடங்கியவர்களுக்கும் பார்வை திரும்ப இன்னும் நேரமாகும். நம் ஊரில் அந்த நேரத்தில் ரோட்டில் இருப்பவர்கள் யார்? பால் வெட்டப் போகிறவர்கள், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் மீன் எடுக்கப் போகிறவர்கள். பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

உங்கள் லைட் நிஜமாகவே மங்கலாக இருந்தால், பல்பைக் குறை சொல்லும் முன் மற்றதைப் பாருங்கள். ஹோல்டருக்கு வரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஹாலோஜன் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். இது என் தொழிலில் இருக்கிறவர்களே பலர் அளந்து பார்க்காத விஷயம். கடலோரத்து வண்டிகளில் உப்புக் காற்றில் எர்த் கனெக்ஷன் துருப்பிடித்திருக்கும். அதைச் சுரண்டி, முறுக்கி, தேவைப்பட்டால் பேட்டரி கரண்டை நேராக லைட்டுக்கு விடுகிற ரிலே வைத்து நல்ல ஒயர் இழுத்தாலே பழைய பல்பு புதுசு மாதிரி எரியும். ஹெட்லைட்டின் முன் கவர் மஞ்சளித்திருந்தால் பாலிஷ் போடுங்கள். மஞ்சள் கவர் உங்களுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும், எதிரே வருபவருக்குக் கூச்சத்தைக் கூட்டும். இதெல்லாம் முடிந்த பிறகும் போதவில்லை என்றால், அதே வாட்டில் நல்ல பல்பாக இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

கார்க்காரர்களுக்கு ஒன்று. ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன உருளை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றினால் வண்டியின் முன்பக்கம் தூக்கும், லைட்டும் தூக்கும். அதை இறக்கத்தான் அந்த உருளை. அது எதற்கு என்று தெரியாமலே பத்து வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறைக்கும் வழி உண்டு.

எதிரே ஒருவர் கண்ணைக் கூச வைத்தால், பதிலுக்கு நீங்களும் பிரைட் போடாதீர்கள். இரண்டு பேரும் குருடாகிறீர்கள், நடுவில் நடந்து போகிறவருக்கு யார் பொறுப்பு? ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பார்வையை ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டில் வையுங்கள்.

என் தொழிலில் இருக்கும் தம்பிகளே, அந்த பல்பை மாட்டினால் கையில் எவ்வளவு நிற்கும் என்று எனக்கும் தெரியும். கேட்டு வருகிறவரை இரண்டு நிமிடம் நிறுத்தி, இருட்டில் சுவரில் அடித்துக் காட்டுங்கள். ஹாலோஜன் டிம்மில் மேலே ஒரு கோடு போட்ட மாதிரி வெளிச்சம் நின்றுவிடும். எல்.இ.டி.யில் கோட்டுக்கு மேலேயும் வெள்ளை சிதறிக் கிடக்கும். பார்த்ததும் பாதிப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த அண்ணனுக்கும் அன்று சாயங்காலம் அதைத்தான் காட்டினேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக் கொண்டிருந்தார். “இதுதானா எம் மூஞ்சில அடிச்சது” என்றார். புது ஹெட்லைட்டும் பழைய மாதிரி 35 வாட் பல்பும் போட்டு, எர்த்தைச் சரிசெய்து கொடுத்தேன்.

என் கடைச் சுவரில் அந்தக் கோடு இப்போதும் சாக்பீஸில் இருக்கிறது. இருட்டிய பிறகு வாருங்கள், உங்கள் லைட் சரியான உயரத்தில் அடிக்கிறதா என்று பார்த்துவிடலாம், காசு வேண்டாம். வண்டி தூக்கினாலோ இறங்கினாலோ லைட்டும் மாறும், அதனால் டயரில் காற்று சரியாக இருக்கட்டும். பைக் என்றால், வழக்கமாகப் பின்னால் ஏறுகிறவரையும் கூட்டிக் கொண்டு வாருங்கள்.