மாமரத்துக்குப் பக்கத்தில் நீச்சல் குளம் வெட்டினால் மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கோவைக்கு வெளியே பெரியப்பா வீட்டின் பின்பக்கம் நாற்பது வயது மாமரம் ஒன்று நிற்கிறது. அதன் நிழலிலேயே நீச்சல் குளம் வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் கேட்க, தூரிலிருந்து ஏழடி தள்ளிக் குழி தோண்டினார்கள். நான் போய்ப் பார்த்தபோது மணிக்கட்டுத் தடிமனில் நாலைந்து வேர்கள் குழிச்சுவரில் பிய்ந்து தொங்கின. நார்நாராகக் கிழிந்த முனைகளில் ஈரம்கூடக் காயவில்லை. “ஆணிவேருக்கு ஒண்ணும் ஆகலைங்க, மரம் தாங்கிடும்” என்றார் மேஸ்திரி. மரமும் பச்சைப்பசேலென்றுதான் இருந்தது. மூன்றாவது வருடம் குளத்துப் பக்கக் கிளைகள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன.

மேஸ்திரி சொன்னது நம்மில் பலரும் நம்புவதுதான். மேலே எவ்வளவு உயரமோ, கீழே அவ்வளவு ஆழம் என்று நினைக்கிறோம். ஆனால் வளர்ந்த மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் பெரும்பாலும் பக்கவேர்களும் அவற்றின் நுனியிலுள்ள மெல்லிய உறிஞ்சுவேர்களும் கொண்டுவருபவை. அவற்றில் பெரும்பகுதி மேல்மண்ணில், சுமார் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கவாட்டிலோ கிளை விரிப்பையும் தாண்டி ஓடும். பாயை விரித்து, அதன் நடுவில் ஒரு குடையை நட்டுவைத்த மாதிரி.

ஏன் மேலேயே தங்குகிறது? வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் மண்துகள்களுக்கு நடுவிலுள்ள சந்துகள் வழியாக இறங்க வேண்டும். ஆழம் போகப் போகக் காற்று குறைந்துவிடும். அதனால் நாலைந்தடி ஆழக் குளம் அந்தப் பக்கத்து வேர்களைக் கிட்டத்தட்ட மொத்தமாக அறுத்துவிடுகிறது.

குழியோடு போவதும் இல்லை. பொக்லைன் சில தடவை ஏறி இறங்கினாலே மண் இறுகிச் சந்துகள் அடைபடும். அள்ளிய மண்ணை மரத்தடியில் கொட்டினால் வேருக்கு மூச்சு முட்டும். பெரியப்பா வீட்டில் அந்தக் குவியல் இரண்டு மாதம் கிடந்தது. அப்புறம் குளத்தைச் சுற்றி சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டினார்கள். மழைத்தண்ணீரும் இறங்க வழியில்லாமல் போனது. வேரை வெட்டியதற்குச் சமமான கெடுதலை இவையும் செய்தன என்றுதான் நினைக்கிறேன்.

சரி, பாதிப்பு தெரிய ஏன் மூன்று வருடம்? மரம் தண்டிலும் வேரிலும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. வேர் போன பிறகும் அந்தக் கையிருப்பில் கொஞ்ச காலம் தளிர்விடும். வருகிற தண்ணீர் போதாதபோது கடைக்கோடி நுனிகள் முதலில் காயும். கிழிந்த வேர்முனை வழியாகப் பூஞ்சை நுழைந்து உள்ளே அழுகல் பரவலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கவேர்கள் மரத்தைக் கயிறுபோல இழுத்துப் பிடித்திருப்பவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்படியொரு காற்றில், ஒரு பக்கத்துக் கயிறு அறுந்த மரம் எப்படி நிற்கும்?

எவ்வளவு தள்ளி வெட்டலாம் என்பதற்கு மர வல்லுநர்கள் பயன்படுத்தும் கணக்கு எளிது: அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு. நெஞ்சுயரத்தில் இன்ச் டேப்பைச் சுற்றுங்கள். அந்தச் சுற்றளவை நாலால் பெருக்கினால் ஏறக்குறைய அதே தூரம் வந்துவிடும். 220 செ.மீ. சுற்றளவுள்ள மரத்துக்கு சுமார் 8.8 மீட்டர். பெரியப்பா விட்டது இரண்டு மீட்டர்தான்.

வேர் குளத்தை உடைத்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வேர்நுனி மெல்லியது, விரிசல் இல்லாத கம்பி கட்டிய கான்கிரீட்டைத் துளைக்காது. ஆனால் குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் அந்த ஈரத்தில் செழித்து உள்ளே புகும். பருத்துக்கொண்டே போய் டைல்ஸைத் தூக்கும். கரிசல் மண்ணில் கூடுதல் கவனம் வேண்டும். மரம் நீரை உறிஞ்ச மண் சுருங்கும், மழையில் மறுபடி உப்பும். இந்த ஏற்ற இறக்கத்தில் குளத்தின் சுவர் விரிசல் விடலாம்.

நிழலுக்கு ஒரு நன்மை உண்டு: வெயிலில் சீக்கிரம் சிதையும் குளோரின் அங்கே கொஞ்சம் தாங்கும். ஆனால் தண்ணீரில் விழும் இலையும் பூவும் அதே குளோரினைத் தின்றுவிடும். மாம்பூ கொட்டும் மாதங்களில் பெரியப்பா தினமும் வலையோடு நிற்கிறார். உப்புநீர்க் குளமாக இருந்தால் வடிகட்டியைக் கழுவும் தண்ணீரை மரத்தடியில் விடவே கூடாது. மண்ணில் உப்பு ஏறினால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது.

வேறு இடமே இல்லை, கொஞ்சம் நெருங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பொக்லைன் வருவதற்கு முன் குளத்தின் எல்லைக்கோட்டில் கடப்பாரையும் கையுமாக இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் பறித்துப் பாருங்கள். மணிக்கட்டுத் தடிமனில் வேர் தென்பட்டால் கோட்டை நகர்த்துங்கள். சிறிய வேர்களை ரம்பத்தால் நேராக அறுத்து, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

பெரியப்பா போன வருடம் மரத்துப் பக்கத்து டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, மண்ணைக் கிளறாமல் நாலு விரற்கடைக்குச் சருகு மூடாக்குப் போட்டார், தூரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. வாரம் ஒருமுறை கிணற்றுத் தண்ணீர். காய்ந்த கிளைகள் திரும்பவில்லை. அவற்றைக் கவாத்து செய்தாயிற்று. போன மாதம் சருகை விலக்கிப் பார்த்தேன். ஈரமண்ணில் வெள்ளையாக, நூல்நூலாகப் புது வேர்கள் ஓடியிருந்தன.