கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் எங்கே போனது?

கணக்கு எண் இப்படிக் கெட்டுப்போன பட்டியல், இந்த வருஷத்தில் எங்களிடம் வந்ததில் இது நான்காவது. ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றின் கணக்குகளை எங்கள் காரைக்குடி அலுவலகத்தில் பார்க்கிறோம். போன மாதம் பதினான்கு பேரின் சம்பளப் பட்டியலை எக்செலில் அடித்து வங்கிக்கு ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு பேருக்குத்தான் பணம் போனது. பதினொன்று திரும்பி வந்தது. மீதி ஒன்று, யாரென்றே தெரியாத ஒருவர் கணக்கில் வரவாகிவிட்டது. அந்தச் சம்பளத்துக்கு உரிய அம்மா என் எதிரே உட்கார்ந்து, "பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்டணும் சார்" என்கிறார். நான் என்ன சொல்ல?

பட்டியலைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பதினான்கு கணக்கு எண்களும் 0-இல் முடிந்தன. எல்லாம் 16 இலக்க எண்கள். எக்செல் முதல் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருவதை 0 ஆக்கிவிடும். பணம் கிடைத்த இருவரின் எண் பாஸ்புக்கிலேயே 0-இல் முடிகிறது. அதனால் தப்பித்தார்கள்.

பட்டறைக்காரர் சொன்னார்: "ஃபார்மட்டை மாத்தினா வந்துரும் சார்."

வராது. இப்படிப் பட்டியல் கொண்டுவந்த நான்கு பேரும் இதையேதான் சொன்னார்கள். இந்த நம்பிக்கை ஆதார் எண்ணிலிருந்து வருகிறது. 12 இலக்க ஆதாரை அடித்தால் 2.34568E+11 என்பது போலக் காட்டும். ஃபார்மட்டை மாற்றினால் முழு எண்ணும் வந்துவிடும். ஏனென்றால் 12 இலக்கமும் உள்ளே பத்திரமாக இருக்கிறது, சுருக்கிக் காட்டியது மட்டும்தான். 16 இலக்கத்தில் கடைசி இலக்கம் உள்ளேயே இல்லை. இரண்டாம் கட்டு அறையில் பூட்டி வைத்த பாத்திரம் வேறு, விற்றுப்போன பாத்திரம் வேறு. அடித்த பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் அந்தத் தப்பான 0 தான் எழுத்தாக மாறும். இலக்கங்களை எண்ணிப் பார்த்தும் பயனில்லை. இடம் காலியாகவில்லையே, 16 சரியாகவே இருக்கும்.

காரணம் எக்செலோடு நிற்பதில்லை. கணினியில் எண்களை வைக்கும் முறைக்காக 1985-இல் வெளியான ஐஇஇஇ 754 தரப்படி கணினி ஓர் எண்ணை 64 பிட்டில் (பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம்) வைக்கிறது. அதில் இலக்கங்களுக்குக் கிடைக்கும் துல்லியம் 53 பிட். 2-ஐ 53 முறை பெருக்கினால் 9,00,71,99,25,47,40,992. அதுவரை ஒவ்வொரு முழு எண்ணுக்கும் இடம் உண்டு. அதைத் தாண்டினால் இரட்டைப்படை எண்களுக்கு மட்டும்தான். 993-இல் முடியும் அடுத்த எண்ணுக்கு இடமே கிடையாது. அதன் இரு மடங்கையும் தாண்டினால் நான்கால் வகுபடும் எண்களுக்கு மட்டும். 16 இலக்க எண்கள் முதலில் சொன்ன எல்லையின் இரு பக்கமும் விழுகின்றன. 15 இலக்கம் வரை பயமில்லை.

எங்கள் பக்கத்துப் பழைய கணக்கப்பிள்ளைகள் ஐந்தொகையில் இரு பக்கமும் பொருந்தாமல் போனால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 72-ஐ 27 என்று எழுதினால் வித்தியாசம் 45. தொகைக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. கணக்கு எண்ணை யாரும் கூட்டுவதில்லை, அதனால் பேரேடு காட்டிக்கொடுக்காது. அது எண் வடிவில் இருக்கும் பெயர். பெயரைப் போலவே எழுத்தாக வையுங்கள்.

அடிப்பதற்கு முன்பே கணக்கு எண் வரும் பத்தி (நெடுவரிசை) முழுவதையும் 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரண்டு தட்டு தட்டித் திறக்காதீர்கள்; திறந்து சேமித்தால் போனது போனதுதான். எக்செலின் 'டேட்டா' மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். 'கவுண்ட்இஃப்' சூத்திரம் போட்டு இரட்டைப் பதிவு தேடுகிறவர்களே, அதுவும் 15 இலக்கத்தோடு நின்றுவிடும், எழுத்தாக வைத்திருந்தாலும். நெஃப்டில் (வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறை) பெயர் சரியாக இருப்பது காப்பாற்றாது. எண்ணை வைத்துத்தான் வரவு வைக்கிறார்கள். பெறுபவர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி சொன்னது. புதிய ஆளைச் சேர்க்கும்போது தயவுசெய்து அதைப் பாருங்கள்.

அப்புறம், உங்களிடம் இருக்கும் சம்பளப் பட்டியலை இன்றே திறந்து, கடைசி இலக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். வரிசையாக 0 இருந்தால் அதை ஏற்றாதீர்கள். பாஸ்புக்குகளை வாங்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து அடியுங்கள்.