வரைவு விதி வரும்போது எங்கே போய்விடுகிறோம்?

பொதுத்தேர்வு நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் ஒரு ரகம் உண்டு. "மேடம், பையனுக்கு ஸ்கிரைப் வேணும். சர்ட்டிபிகேட் இன்னும் கைக்கு வரலை. ஏதாவது பண்ண முடியுமா?" ஸ்கிரைப் என்றால் தேர்வில் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதுபவர். இந்த வருடமும் அப்படி ஒரு போன் வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள பையன், பத்தாம் வகுப்பு. பேனா பிடித்தால் இரண்டு வரிக்கு மேல் கை ஒத்துழைக்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான், அது எல்லா ஆவணத்திலும் இருக்கிறது. ஆனாலும் யூடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை, அதற்கான விண்ணப்பம் மெடிக்கல் போர்டு தேதிக்காகக் காத்துக் கிடக்கிறது. அவன் அம்மாவின் ஃபைலில் இல்லாத காகிதம் இல்லை. கேட்ட காகிதத்தைத் தவிர.

"மூணு மாசம் ஆகும்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க, இது அநியாயம் இல்லையா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்காரர் பொய் சொல்லவில்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் கீழ் 2017-இல் வந்த விதிகளில் சான்றிதழ் தர ஒரு மாதம்தான் அவகாசம். 2024 அக்டோபரில் வந்த திருத்தம் அதை மூன்று மாதமாக்கியது. இரண்டு வருடத்துக்கு மேல் முடிவாகாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலற்றுப் போகும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அதிகாரிகளை அணுகி அதை உயிர்ப்பிக்க வேண்டும் என்பதும் அதில்தான் வந்தது. குறைபாட்டின் சதவீதத்தைக் காட்ட வெள்ளை, மஞ்சள், நீலம் என்று மூன்று நிற அட்டைகளும் அதில்தான். செய்தித்தாள்களில் நிறம் பெரிதாக வந்தது. மூன்று மாதம் கண்ணில் படவில்லை.

சிறப்புக் கல்வியாளராக எனக்கு அந்த மூன்று மாதம்தான் வயிற்றைக் கலக்குகிறது. பல பிள்ளைகளின் கற்றல் குறைபாடு, ஒன்பதாம் வகுப்பில் தோற்றோ, பத்தாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்தோதான் வீட்டுக்கே தெரிய வருகிறது. டிசம்பரில் தெரிந்து, உடனே விண்ணப்பித்து, விதிப்படியே எல்லாம் நடந்தாலும் மார்ச்சில்தான் காகிதம் வரும். மார்ச்சில் தேர்வு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைச் சட்டத்தின் பிரிவு 17 பெயர் சொல்லியே தருகிறது. ஆனால் உரிமை ஒரு பிரிவில், அதை வாங்கும் காகிதம் இன்னொரு விதியில்.

என் ஆத்திரம் இதைப் பற்றியது: இந்தத் திருத்தம் இரவோடு இரவாக வரவில்லை. அதே 2024-இல் முதலில் வரைவாக அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபனை இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டார்கள். கேட்காமலும் இருக்க முடியாது. முன்வெளியீடு செய்த பிறகே விதி வகுக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் பிரிவு 100 சொல்கிறது. வரும் ஆட்சேபனைகளைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொதுக்கூறுகள் சட்டம், பிரிவு 23. பெற்றோர் கூட்டங்களில் "யாராவது எழுதினீர்களா?" என்று கேட்கிறேன். தரையைப் பார்க்கிறார்கள்.

காரணம் ஒன்றுதான். கருத்துத் தெரிவிப்பதும் மனுக் கொடுப்பதும் ஒன்று என்று நினைக்கிறோம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுப்பது மனு. அதில் உங்கள் பிள்ளை, உங்கள் கஷ்டம், "கருணை கூர்ந்து" எல்லாம் இருக்கும், இருக்கட்டும். வரைவு விதிக்கு எழுதுவதில் கருணைக்கு வேலையே இல்லை. அங்கே கேள்வி, இந்த விதி இப்படி இருந்தால் என்ன நடக்கும், எப்படி மாற்றலாம் என்பது மட்டும்தான். இதற்கு வக்கீலாக இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை. கியூவில் நின்றவருக்குத் தெரிந்தது வக்கீலுக்குத் தெரியாது. சர்வர் வேலை செய்யாத நாளில் இ-சேவை மையத்தில் என்ன நடக்கிறது, கைரேகை பதியாத பிள்ளைக்கு ஆதார் எப்படி நின்றுபோகிறது, போர்டுக்குப் போன அன்று மனநல மருத்துவர் விடுப்பில் இருந்தால் குடும்பம் எத்தனை மணிக்குத் திரும்பி பஸ் ஏறுகிறது என்பதெல்லாம் டெல்லியில் விதி எழுதுகிறவர் மேஜைக்கு யார் மூலமாகப் போகும்? வாட்ஸ்ஆப்பில் கோபப்பட்டால் போகாது.

"எழுதி என்ன ஆகப்போகிறது?" எழுதினால் மாறியே தீரும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. யாருமே எழுதாத இடத்தில் ஆட்சேபனை இல்லை என்றுதான் கோப்பில் பதிவாகும். அதை மட்டும் சத்தியம் செய்யலாம்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். 1980-இல் வந்து 1995-இல் திருத்தப்பட்ட காகிதவேலைக் குறைப்புச் சட்டப்படி, ஒரு துறை புதிய படிவம் கொண்டுவந்தால் அதை நிரப்ப மக்களுக்கு எவ்வளவு நேரமாகும் என்று துறையே கணக்குப் போட்டு வெளியிட வேண்டும். முதலில் 60 நாள், பிறகு 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். கல்விக்கடன் படிவமானாலும் மாற்றுத்திறனாளி உதவித்தொகைப் படிவமானாலும் அதே நடைமுறைதான். கணக்கு தப்பு என்று யாரும் எழுதலாம். நமக்கு அந்தக் கணக்கு இல்லை. எனவே அதை நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்: எத்தனை தடவை போனீர்கள், எத்தனை நாள் கூலி போயிற்று, எந்தக் காகிதத்தை இரண்டாம் தடவை கேட்டார்கள்.

எழுதும்போது தயவுசெய்து விதி எண்ணைப் போடுங்கள். எண் இல்லாத கடிதத்தை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்றே அதிகாரிக்குத் தெரியாது. ஒரு பத்தியில் ஒரு குறை போதும். குறைக்குக் கீழேயே மாற்று வாசகத்தையும் எழுதுங்கள். உதாரணமாக, "பொதுத்தேர்வு எழுதும் மாணவருக்கு ஒரு மாதத்துக்குள்" என்று சேர்க்கச் சொல்லலாம். அனுப்ப வேண்டிய முகவரியும் கடைசி நாளும் வரைவிலேயே இருக்கும். கடைசி நாள் இரவுக்கு வைக்காதீர்கள். அனுப்பிய மின்னஞ்சலையும் தபால் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத் தலைவர் அனுப்பிய ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஐம்பது பேர் அனுப்புவதை நிறுத்துங்கள். ஐம்பதும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். உங்கள் வீட்டில் நடந்ததை நாலு வரி எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம்.

பிள்ளையின் பெயர், ஆதார் எண், மருத்துவ அறிக்கை எதையும் இணைக்க வேண்டாம். இதை எத்தனை தடவை சொல்வது? அந்தக் கடிதம் யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. "பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன்" என்றால் போதும்.

தமிழில் எழுதலாமா? தாராளமாக. குறை தீர்க்கக் கோரும் முறையீட்டை மத்திய அரசுக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு. மத்திய அரசிதழ் நமக்குத் தமிழில் வருவதில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல். படித்த பிள்ளை யாராவது கீழே நாலு வரி ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதிக்கொடுத்தால் வேலை சுலபம்.

ஆசிரியர்களுக்கும் தெரபிஸ்டுகளுக்கும் தனியாக ஒரு வார்த்தை. பெற்றோருக்கு அரசிதழ் பார்க்க நேரமில்லை, நமக்கு உண்டு. வரைவு வந்த வாரமே அதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

மாநில அரசு இதே சட்டத்தின் கீழ் விதி வகுத்தாலும் பிரிவு 101-இன்படி முன்வெளியீடு உண்டு. சுற்றறிக்கைக்கு அது கிடையாது. பள்ளியில் கேட்கும் பாதிக் காகிதங்கள் அப்படிச் சுற்றறிக்கையில் வந்தவைதான். அவற்றுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போங்கள். சட்டத்துக்கு முரணான நடைமுறையைக் கண்டறிந்து திருத்தப் பரிந்துரைப்பது பிரிவு 80-இன்படி அவர் வேலை. சுற்றறிக்கையின் எண்ணையும் தேதியையும் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி எழுதுங்கள். "ஸ்கூல்ல சொன்னாங்க" என்று மட்டும் எழுதாதீர்கள்.