தம்பி, அவர் உங்கள் வியர்வையைச் சொல்லவில்லை

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு பையன் போன் செய்தான். ஜப்பானில் நகோயா பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "என் மேல நாத்தம் அடிக்குதாம்க்கா" என்று சொல்லி அழுகிறான். யாரும் வாயால் அப்படிச் சொல்லவில்லை. இவனுக்குச் சரியாக வராத வேலை ஒன்றை லைன் லீடர் கூடவே நின்று முடித்துக் கொடுத்திருக்கிறார், இவன் குனிந்து நன்றி சொல்லியிருக்கிறான், அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே மூக்குக்கு நேராகக் கையை நாலு தரம் விசிறியிருக்கிறார். அவ்வளவுதான். மூன்று வாரமாக இவன் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிறான், கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

இதே காரணத்துக்காக எனக்கு வந்த நான்காவது போன் இது. 11 வருடமாக இங்கே மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஊரிலிருந்து அனுப்பும்போதே இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் சொல்வதில்லை. கோபம்தான் வருகிறது.

சரி, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டை விரல் பக்கம் மூக்கைப் பார்த்திருக்க, கையை முகத்துக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஜப்பானில் அதற்கு "இல்லை" என்று பொருள். நன்றி சொன்னால் ஆட்டுவார்கள், "அட, அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பதற்கு. வேலையைப் புகழ்ந்தால் கூச்சத்தோடு ஆட்டுவார்கள். இந்தக் குடை உங்களுடையதா என்று கேட்டாலும், இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா என்று கேட்டாலும் அதே ஆட்டல்தான். வாயில் "இயே இயே" என்றோ "நை நை" என்றோ கூடவே வரும். நை என்றாலே இல்லை. நாற்றம் என்றால் மூக்கைப் பிடிப்பார்கள், முகம் சுளிக்கும், "குசாய்" என்ற சொல் காதில் விழும். சிரித்த முகத்தோடு மூக்குக்கு முன்னால் ஆடும் கைக்கும் உங்கள் உடம்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தயவுசெய்து இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், நம் கையும் அவர்களிடம் வேறு எதையோ சொல்லிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகக் காட்டும் சுண்டு விரலை இங்கே காட்டவே காட்டாதீர்கள். வயதான மேற்பார்வையாளர்களுக்கு அது காதலியையோ ஒருவனுடைய பெண்ணையோ குறிக்கும். கழிப்பறைக்கு "தோய்ரே" என்று வாயால் கேளுங்கள், போதும். கை கூப்புவதும் இங்கே வணக்கம் இல்லை. கோவிலில் கூப்புவார்கள், சாப்பிடும் முன் கூப்புவார்கள், மன்னிப்புக் கேட்கவும் உதவி கேட்கவும் கூப்புவார்கள். காலையில் லீடர் முன்னால் போய்க் கூப்பினால் என்ன தப்பு நடந்துவிட்டது என்று தேடுவார். கையை உடம்போடு ஒட்டி வைத்துக் குனிந்தால் சரியாக இருக்கும். அப்புறம், ஆள்காட்டி விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினால் "நானா?" என்கிறார், மூக்கில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நீங்கள் துடைக்க வேண்டாம். உள்ளங்கையைக் கீழே வைத்து விரல்களை அசைத்துக் கூப்பிடுவது நம்மூர் மாதிரியேதான். தலைக்கு மேல் இரண்டு கையாலும் வட்டம் போட்டால் சரி. கைகளைக் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டினால் கூடாது, நிறுத்து, அந்த நொடியே நிற்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதில் கெஞ்சியே கேட்கிறேன். இயந்திரத்தைத் தொடும் முன் ஸ்விட்சையும் மீட்டரையும் விரலால் சுட்டி, சத்தமாக "யோஷி!", அதாவது "சரி!", என்று சொல்லச் சொல்வார்கள். நம் பையன்கள் வெட்கப்பட்டு இடுப்பு உயரத்தில் விரலை லேசாக அசைத்துவிட்டுப் போகிறார்கள். அது சடங்கு இல்லை. ஜப்பானிய ரயில்வேயில் தொடங்கிய பழக்கம் அது. இங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் சோதித்தபோது, 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு, விரலால் சுட்டி வாயாலும் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது. கையை முழுசாக நீட்டுங்கள், தொண்டையைத் திறந்து சொல்லுங்கள். உங்கள் விரல்கள் பத்தும் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

புரியாத சைகை எதையாவது பார்த்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். ராத்திரி பத்தரை ஆனாலும் பரவாயில்லை, மூன்று வாரம் மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.