ஏர் லாக்: காற்றடைப்பு வேறு, காற்றிழுப்பு வேறு

ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் துறைகளில் நிற்கும் விசைப்படகுகள் பலவற்றில் ஓடுவது லாரிக்காகச் செய்யப்பட்ட டீசல் எஞ்சின். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டுக் கடல்நீரால் குளிர்விக்கும் ஏற்பாடு செய்து, படகுக்கு ஏற்ற கியர் பெட்டியைப் பொருத்தி இறக்கியிருப்பார்கள். அந்த எஞ்சின் திணறினாலோ நின்றாலோ முதலில் வாயில் வரும் சொல் 'ஏர் லாக்'. டீசல் செல்லும் வழியில் காற்று புகுந்து தங்கி, எரிபொருள் சிலிண்டருக்குள் போகாமல் தடுக்கும் நிலை என்பது அதன் பொருள்.

'ஏர்' கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'லாக்' பழைய ஆங்கிலத்தில் தாழ்ப்பாளையும் அடைக்கப்பட்ட இடத்தையும் குறித்தது. இரண்டும் சேர்ந்த தொடருக்கு ஆங்கிலத்திலேயே இரு பொருள் உண்டு. காற்றழுத்தம் மாறுபடும் இரண்டு இடங்களுக்கு நடுவே இரட்டைக் கதவோடு அமைக்கும் அறை ஒன்று. விண்கலத்தில் இருப்பது அதுதான். மற்றது மேலே சொன்ன எரிபொருள் தடை. 'காற்றுப்பூட்டு' என்ற மொழிபெயர்ப்பு அந்த அறைக்கு ஒருவாறு பொருந்தும். டீசல் குழாய்க்குப் பொருந்தாது. மூச்சடைப்பு, மாரடைப்பு, குழாய் அடைப்பு என்று 'அடைப்பு' நம்மிடம் நன்கு பழகிய சொல்லாக இருக்கும்போது 'காற்றடைப்பு' என்பதே சரி. டியூபில் காற்றடைப்பதோடு இது குழம்பாதா என்று கேட்கலாம். எஞ்சினைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தக் குழப்பம் வராது. பெட்ரோல் வண்டியில் வெப்பத்தால் எரிபொருளே ஆவியாகி வழியை மறிப்பது ஆவியடைப்பு. அது தனிக் கோளாறு.

இந்தக் கரையில் 'ஏர்' நிலைத்துவிட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றைப் பேசுகிற மக்கள் இவர்கள். படகில் நின்று 'காற்று பிடித்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் வானத்தைத்தான் பார்ப்பார்கள். குழாய்க்குள் இருப்பதற்கு வேறு பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினில், அழுத்தப்பட்ட காற்றுதான் எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ளியது. 1927இல் பாஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அழுத்தப்பட்ட டீசலே பீச்சும் அந்த முறை பரவியபின், டீசல் வழியில் காற்றுக்கு வேலை இல்லாமல் போனது. அதன் பின் அது இடைஞ்சல் மட்டுமே. பழைய லாரி எஞ்சின்களில், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் நாசில் திறக்க ஏறத்தாழ 200 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு, வேண்டும். திரவம் அமுக்கினால் அவ்வளவாகச் சுருங்காது என்பதால் அந்த அழுத்தம் ஏறுகிறது. நடுவில் காற்று இருந்தால், பம்பு அமுக்கும்போது காற்று சுருங்கிக்கொடுக்கும், நாசில் திறக்காது.

இங்கேதான் நம் மெக்கானிக்குகளின் பேச்சு 'ஏர் லாக்' என்ற ஆங்கிலச் சொல்லைவிடத் துல்லியமாக இருக்கிறது. 'ஏர் பிடித்திருக்கிறது' என்பது விளைவு. 'ஏர் இழுக்கிறது' என்பது காரணம். 'ஏர் எடுக்க வேண்டும்' என்பது உடனடி வைத்தியம். மூன்றையும் 'ஏர் லாக்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடும்போதுதான் கோளாறு தீராமல் திரும்பத் திரும்ப வருகிறது. முதலாவதைக் காற்றடைப்பு என்றும், இரண்டாவதைக் காற்றிழுப்பு என்றும், மூன்றாவதைக் காற்றகற்றல் என்றும் பிரித்து எழுதலாம்.

காற்றகற்றலை அருகில் நின்று பார்த்தால் சொல்லே தேவைப்படாது. ஃபில்டர் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்திவிட்டுக் டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்பான பிரைமரை அமுக்குவார்கள். முதலில் வெளுத்த நுரை துப்பித் துப்பி வரும். பிறகு குமிழ்கள் பெரிதாகி, அருகி, கடைசியில் டீசல் ஒரே கண்ணாடிக் கம்பிபோல் வழியும். அப்போது திருகை இறுக்கினால் பிரைமர் கட்டைவிரலுக்குக் கெட்டியாக நிற்கும். அதே முறையில் அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பு. பிறகு எஞ்சினைச் சுழற்றியபடி நாசில் குழாய்களின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். அந்த இடத்தில் கையை வைக்கக் கூடாது. அவ்வளவு அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

காற்றிழுப்பைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். டேங்குக்கும், அதிலிருந்து டீசலை உறிஞ்சியெடுக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் உறிஞ்சல் நடப்பதால், இணைப்பு தளர்ந்தாலும் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். இளநீர் உறிஞ்சும் குழலில் விரிசல் விழுந்தால் குழல் காய்ந்தே இருக்கும், வாய்க்குக் காற்றுதான் வரும், அதே கதை. லாரியில் டேங்க் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. படகில் குழாய் நீண்டுவிட்டது, கூடுதல் இணைப்புகள் வந்துவிட்டன, பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள். டீசல் குறைந்த டேங்கில் படகு உருளும்போது உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்தாலும் காற்று ஏறும்.

சோதனை எளியது. உறிஞ்சு குழாயில் ஒரு சாண் கண்ணாடி ஹோஸைச் செருகினால் குமிழ் ஓடுவது தெரியும். அல்லது சுத்தமான டீசல் கேன் ஒன்றை எஞ்சினுக்கு மேலே கட்டி, நேரடியாக ஃபீட் பம்புக்குக் கொடுத்துப் பார்க்கலாம். எஞ்சின் சீராக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். அப்போதும் திணறினால் ஃபில்டரையும் பம்பையும் பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்று காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்து, பிறகு நன்றாக ஓடுகிற எஞ்சினில் பெரும்பாலும் காற்றிழுப்பு. சும்மா ஓடும்போது ஒழுங்காக இருந்து, வலை இழுக்கும் பாரத்தில் மட்டும் அடங்கினால் ஃபில்டர் அடைப்பையோ பம்பின் தளர்ச்சியையோ சந்தேகிக்க வேண்டும். அதை ஏர் லாக் என்று சொல்லிக் காற்றெடுத்துக்கொண்டிருப்பது வீண். கரும்புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது டீசல் மிகுந்ததன் அடையாளம்.

பாக் நீரிணையில் இந்தப் பாகுபாடு உயிரோடு தொடர்புடையது. 1974இல் வகுத்த இந்தியா-இலங்கை கடல் எல்லைக்கோடு ராமேஸ்வரத்துக்கு வெகுதூரத்தில் இல்லை. எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று யாரும் உறுதி தர முடியாது. கரையில் காற்றை மட்டும் எடுத்துவிட்டு, இழுக்கும் இடத்தைத் தேடாமல் அனுப்பும் படகு அந்த ஆபத்தோடுதான் புறப்படுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் பழுதுபார்க்கக் கரையேறுகின்றன. உறிஞ்சு குழாயை முழுநீளமும் மாற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் புது வாஷர் போடுவதற்கு அதுவே வசதியான நேரம்.